டைனோசரை விடுங்கள், பாசி என்ன சாட்சி சொல்கிறது? (பேரழிவுகளும் நுண்ணுயிர்ப் புதைபடிவங்களும்)

#1 செந்துறை_டீச்சர் | திங்கள், இரவு 9.10

வணக்கம். எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். இன்றைக்கு 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் விண்கல் விழுந்து டைனோசர்கள் அழிந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தபோது கடைசி பெஞ்ச் பையன் ஒருவன் எழுந்தான். "டீச்சர், மொத்தமா எத்தனை எலும்பு கிடைச்சிருக்கு? அதை வச்சு எல்லாம் ஒரே சமயத்துல செத்துச்சுன்னு எப்படிச் சொல்றாங்க?"

நியாயமான கேள்வி. எனக்குப் பதில் தெரியவில்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்று உட்கார வைத்துவிட்டேன். வீட்டுக்கு வந்து தேடினால் எங்கே பார்த்தாலும் பாசி, பிளாங்டன், பாக்டீரியா என்றே வருகிறது. கண்ணுக்கே தெரியாத பாசி கல்லில் எப்படித் தங்கும்? தங்கினாலும், இந்த இடத்தில் பேரழிவு நடந்தது என்று அதை வைத்து எப்படிச் சொல்கிறார்கள்?

இன்னொன்று. நாம் எழுதும் சாக்பீஸே பாசியால் ஆனது என்று ஓரிடத்தில் படித்தேன். நிஜமா? நிஜமென்றால் நாளைக்கே வகுப்பில் சொல்லிவிடுவேன்.

#2 டீக்கடை_பெஞ்ச் | திங்கள், இரவு 9.24

இந்த ஃபோரத்தில் ஃபோரம் (கடல் நுண்ணுயிர் ஓடு) பொறுக்கியே தலை நரைத்த ஒருவர் இருக்கிறார். சல்லடை சார், உங்களைத்தான் கூப்பிடுகிறார்கள்.

#3 சல்லடை | திங்கள், இரவு 10.41

வந்துவிட்டேன். முதலில் சாக்பீஸ். டீச்சர், தயவுசெய்து வகுப்பில் சொல்லிவிடாதீர்கள். நம் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் ஜிப்சத்தைக் கரைத்து அச்சில் வார்த்தது. அதில் பாசியும் இல்லை, தூசியும் இல்லை. சந்தேகமாக இருந்தால் ஒரு சொட்டு வினிகர் விட்டுப் பாருங்கள், பொங்காது. உங்கள் ஊர்ச் சுண்ணாம்புக்கல்லைப் பொடித்து அதே வினிகரை விட்டால் நுரைக்கும். பசங்களுக்கு அதைச் செய்து காட்டுங்கள்.

அசல் சாக் வேறு. இங்கிலாந்தில் டோவர், டென்மார்க்கில் ஸ்டீவன்ஸ் கிளின்ட் ஆகிய இடங்களில் கடலோரம் மதில் போல நிற்கிறதே, அந்த வெள்ளைக் கல். அதைப் பாசிக்கல் என்றே சொல்லலாம். ஒற்றைச் செல் பாசி ஒன்று தன்னைச் சுற்றிச் சுண்ணாம்புத் தகடுகளை அடுக்கிக்கொள்ளும். தகட்டுக்குப் பெயர் காக்கோலித். ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்து அதில் இரண்டிலிருந்து பத்து பங்கு எடுத்தால் அதுதான் ஒரு தகட்டின் அகலம். பாசி செத்ததும் தகடுகள் கடலடிக்கு இறங்கும். இப்படிக் கோடிக்கணக்கான வருடம் இறங்கினால் மலை. டைனோசர்களின் கடைசிக் காலகட்டத்துக்குக் கிரெட்டேசியஸ் என்ற பெயரே லத்தீனில் சாக்கைக் குறிக்கும் 'கிரெட்டா'விலிருந்து 1822-இல் வந்ததுதான்.

கல்லில் எப்படித் தங்கும் என்று கேட்டீர்கள். சதை தங்காது, ஓடு தங்கும். சிலது சுண்ணாம்பு ஓடு, சிலது கண்ணாடி மாதிரி சிலிக்கா ஓடு, சிலது அமிலத்துக்கே அசையாத கரிமத் தோல். எதுவுமே மிஞ்சாவிட்டாலும் அந்த உயிரியின் கொழுப்பு மூலக்கூறு மட்டும் சேற்றில் மிஞ்சியிருக்கும். அதைப் பற்றி வேறு யாராவது எழுதட்டும், நான் ஓட்டுக்காரன்.

முப்பது வருடத்துக்கும் மேலாக என் பிழைப்பு எண்ணெய்க் கிணற்றிலிருந்து வரும் களிமண்ணைக் கழுவுவது. கட்டியை ஹைட்ரஜன் பெராக்சைடில் ஊறப்போட்டால் ராத்திரியோடு பொலபொலவென்று உதிர்ந்துவிடும். 63 மைக்ரான் சல்லடையில் கொட்டி, குழாய்த் தண்ணீரை மெல்ல விட்டு, கலங்கல் தெளியும்வரை அலச வேண்டும். கடைசியில் ரவை மாதிரி ஒரு சிட்டிகை மிஞ்சும். உலர்த்தி, கறுப்புத் தட்டில் தூவி, நுண்ணோக்கிக்கு அடியில் வைத்தால் அது ரவை இல்லை, சங்கு சங்காக, திராட்சைக் கொத்தாக, மணிமணியாக ஓடுகள். இவைதான் ஃபோராமினிஃபெரா, சுருக்கமாக ஃபோரம். இவை பாசி அல்ல, பாசியைத் தின்னும் ஒரு செல் உயிரிகள். மெல்லிய தூரிகையின் நுனியை நாக்கில் தொட்டு ஈரமாக்கி ஒவ்வொன்றாக ஒற்றி எடுக்க வேண்டும். நாக்கில் தொடக்கூடாது என்று சுவரில் எழுதி ஒட்டியிருப்பார்கள். எல்லோரும் தொடுவோம்.

ஒரு தீப்பெட்டி அளவு களிமண்ணில் இப்படி ஆயிரக்கணக்கில் இருக்கும். உங்கள் மாணவன் கேட்ட "எத்தனை" என்பதற்கு விடை இங்கேதான் இருக்கிறது. மீதி நாளைக்கு, கண் எரிகிறது.

#4 செந்துறை_டீச்சர் | செவ்வாய், காலை 6.35

சார், நல்ல வேளை கேட்டேன். வினிகரோடு போகிறேன்.

#5 சல்லடை | செவ்வாய், மாலை 7.50

பேரழிவை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதற்கு நான் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளிடம் சொல்லும் கணக்கு ஒன்று உண்டு.

25 பைசா 2011 ஜூன் 30-உடன் செல்லாமல் போனது. ஆனால் நீங்கள் கடைசியாக 25 பைசாவைக் கையில் வைத்திருந்தது எப்போது? 2005? 2007? ஆளுக்கொரு வருடம் சொல்வார்கள். ஏனென்றால் அதற்கு முன்பே புழக்கத்தில் அது அரிதாகிவிட்டது. அடுத்து 2016 நவம்பர் 8. பழைய ஐந்நூறு ரூபாய் நோட்டு. யாரைக் கேட்டாலும் அன்றுவரை பையில் இருந்தது என்பார்கள்.

அரிதான பொருளின் கடைசித் தடயம், அது உண்மையில் மறைந்த நாளுக்கு வெகு முன்பே நின்றுவிடும். எல்லாம் ஒரே நாளில் போயிருந்தாலும் ஒவ்வொன்றாகப் போனது போலத் தோன்றும். இதை சிக்னர், லிப்ஸ் என்ற இருவர் 1982-இல் எழுதி வைத்தார்கள். டைனோசர் எலும்பு 25 பைசா. ஃபோரமும் காக்கோலித்தும் ஐந்நூறு ரூபாய் நோட்டு. எண்ணிக்கை அதிகமாக இருந்தால்தான் கோடு கூர்மையாக விழும்.

அந்தக் கோட்டைக் கண்ணால் பார்க்க நல்ல இடம் இத்தாலியில் குபியோ. ஊருக்கு வெளியே ஒரு பள்ளத்தாக்கில் இளஞ்சிவப்புச் சுண்ணாம்புக்கல் அடுக்கடுக்காகச் சாய்ந்து நிற்கிறது. நடுவில் ஒரு விரற்கடை களிமண். களிமண்ணுக்குக் கீழே உள்ள கல்லைக் கை லென்ஸில் பார்த்தாலே ஃபோரம் தெரியும், மணல் மாதிரி. மேலே உள்ள கல்லில் லென்ஸுக்கு ஒன்றும் தெரியாது. நுண்ணோக்கியில்தான் தெரியும், அதுவும் பத்தில் ஒரு மில்லிமீட்டர்கூட வராத குட்டிகள். கீழே இருந்த அலங்கார ஓட்டுக்காரர்களில் ஒருவர்கூட மேலே இல்லை.

1960-களின் தொடக்கத்தில் இசபெல்லா பிரெமோலி சில்வா, ஹான்ஸ் லூட்டர்பாக்கர் இருவரும் இதைப் பார்த்து எழுதினார்கள். மேலே வரும் குட்டிக்கு 1964-இல் 'யூகுபினா' என்று பெயர் வைத்தார்கள், ஊர்ப் பெயரை வைத்து. பத்துப் பதினைந்து வருடம் கழித்துத்தான் வால்டர் ஆல்வரெஸ் அதே களிமண்ணை எடுத்துக்கொண்டு போய்த் தன் அப்பா லூயியிடம், இது படிய எவ்வளவு காலம் ஆகியிருக்கும் என்று கேட்டார். அப்பா இயற்பியலில் நோபல் வாங்கியவர். இரிடியத்தை வைத்து அளக்கலாம் என்றார். பூமியின் மேலோட்டில் அரிதான உலோகம், விண்கல்லில் தாராளம். அளந்தால் குபியோவில் வழக்கத்தைவிட 30 மடங்கு, டென்மார்க்கில் 160 மடங்கு. வேதியியலாளர்கள் ஃபிராங்க் அசாரோ, ஹெலன் மைக்கேல் இருவரையும் சேர்த்து நான்கு பேராக 1980-இல் கட்டுரை போட்டார்கள்.

விண்கல்லைத் தேடப் போக வைத்ததே ஃபோரம்தான். பெயர் மட்டும் டைனோசருக்கு.

#6 டீக்கடை_பெஞ்ச் | செவ்வாய், இரவு 8.02

உழைப்பவன் ஒருவன், போஸ்டரில் தலை இன்னொருவனுக்கு. 6.6 கோடி வருடமாக இதே கதைதான்.

#7 குறுக்குசால் | செவ்வாய், இரவு 9.15

சல்லடை சார் சொன்ன உதாரணத்தை வைத்தே கேட்கிறேன். 25 பைசா 2011-க்கு முன்பே உண்மையிலேயே குறைந்துகொண்டுதானே வந்தது? அரிதாகத் தெரிந்ததற்குக் காரணம் தேடல் குறைவு இல்லை, அது நிஜமாகவே மெல்லச் செத்துக்கொண்டிருந்தது. அப்படியானால் கடலிலும் விண்கல்லுக்கு முன்பே உயிர்கள் குறைந்துகொண்டிருந்தன என்று ஏன் இருக்கக்கூடாது? தக்காண எரிமலை அப்போது குமுறிக்கொண்டிருந்தது. பிரின்ஸ்டனில் இருந்த கெர்டா கெல்லர் காலமெல்லாம் இதைத்தான் வாதாடினார். அவரும் ஃபோரம்தான் பார்த்தார்.

அவர் காட்டிய இடம் நமக்குப் பக்கத்தில்தான், ராஜமுந்திரி. அங்கே கல்குவாரியில் கீழே ஒரு எரிமலைக் குழம்புப் பாறை, மேலே ஒன்று, நடுவில் கடல் படிவுச் சுண்ணாம்பு. அந்த நடு அடுக்கில் இருப்பது பேரழிவுக்குப் பிந்தைய குட்டி ஃபோரம். அதாவது கீழ்க் குழம்பு ஓடி முடித்த கையோடு பேரழிவு. 2008-இல் வந்த கட்டுரை. எல்லோரும் விண்கல் விண்கல் என்று கூத்தாடுகிறீர்களே, நம் மண்ணில் கிடக்கும் சாட்சியை ஏன் பேசுவதில்லை?

#8 சல்லடை | செவ்வாய், இரவு 10.20

குறுக்கே ஓட்டினாலும் நேராக ஓட்டுகிறீர்கள். ராஜமுந்திரி நல்ல சாட்சிதான், அதை மறுக்கவில்லை. தக்காணக் குழம்பு அந்தச் சமயத்தை ஒட்டி ஓடியது என்பதை அது காட்டுகிறது. கொன்றது யார் என்பதை அது சொல்லாது.

மெல்லச் செத்ததா, சட்டென்று செத்ததா என்ற சண்டை கைகலப்பு அளவுக்குப் போன கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும், டீச்சருக்காகச் சொல்கிறேன். துனிசியாவில் எல் கெஃப் என்ற இடத்தில் இந்தப் பேரழிவுக் கோடு (எல்லை என்போம்) மிக நன்றாகப் படிந்திருக்கிறது. எல்லைக்குக் கீழேயே மூன்றில் ஒரு பங்கு இனங்கள் காணாமல் போகின்றன என்றார் கெல்லர். இல்லை, எல்லைவரை எல்லாம் இருக்கின்றன என்றார் நெதர்லாந்தின் யான் ஸ்மிட். ஒரே பாறை, இரண்டு தீர்ப்பு. சரி, கண்ணைக் கட்டிப் பரீட்சை வைப்போம் என்று ராபர்ட் கின்ஸ்பர்க் என்ற புவியியலாளர் இறங்கினார். மாதிரிகளுக்குக் குறியீட்டு எண் போட்டு, எது மேல் எது கீழ் என்று சொல்லாமல் வெளியாட்கள் நான்கு பேரிடம் கொடுத்தார்கள்.

முடிவு வந்ததும் இரண்டு கட்சியும் தாங்கள்தான் ஜெயித்தோம் என்றார்கள்!

ஆனால் என் வாக்கு ஸ்மிட்டுக்கு. காரணம் இது: ஒருவர் இல்லை என்று விட்ட இனத்தை இன்னொருவர் அதே மாதிரியில் பார்த்திருந்தார். நால்வர் பார்த்ததையும் கூட்டினால் பெரும்பாலான இனங்கள் எல்லையைத் தொடுகின்றன. நான் கிணற்றடியில் எத்தனை முறை அப்படி ஏமாந்திருக்கிறேன். 300 ஓடு எண்ணி "இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகு, 301-ஆவதாக வந்து பல்லிளிக்கும்.

#9 குறுக்குசால் | செவ்வாய், இரவு 10.48

கூட்டினால் வரும், சரி. ஆனால் எல்லைக்கு மேலேயும் சில பழைய இனங்கள் வருகின்றனவே? அவை தப்பிப் பிழைத்தவையா, அல்லது கீழ் அடுக்கு அரித்து மேலே கலந்த பிணங்களா? அதையும் உங்கள் வசதிக்குத்தான் சொல்வீர்கள்.

#10 சல்லடை | புதன், காலை 6.10

அதற்கு வசதி தேவையில்லை, கார்பன் போதும். ஓட்டில் உள்ள கார்பன் ஐசோடோப்பு (எடை மட்டும் வேறுபடும் கார்பன் அணுக்களின் விகிதம்) அந்த உயிரி வாழ்ந்த கடலின் கையெழுத்து. எல்லைக்கு மேலே கிடைக்கும் பழைய ஓட்டில் பழைய கடலின் கையெழுத்தே இருந்தால் அது கலந்து வந்த பிணம். புதுக் கடலின் கையெழுத்து இருந்தால் தப்பிப் பிழைத்தது. கெம்பிலிட்ரியா என்ற சின்ன, அலங்காரமில்லாத ஒன்று நிச்சயமாகத் தப்பியது. பேரழிவு முடிந்த கையோடு அதுதான் கூட்டம் கூட்டமாக வருகிறது. காலி மனையில் முதலில் எருக்கஞ்செடி முளைப்பது மாதிரி.

#11 நானோ_நிலா | புதன், மாலை 5.33

சல்லடை சார் பாசியை விட்டுவிட்டு அதைத் தின்பவர்களைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறார், அதனால் வந்தேன். என் ஆய்வே காக்கோலித்தில்தான்.

எங்களுக்குச் சல்லடை கிடையாது, கழுவுவதும் கிடையாது. களிமண்ணில் பல் குத்தும் குச்சியின் நுனியால் ஒரு துளி சுரண்டி, ஒரு சொட்டுத் தண்ணீரில் குழைத்து, கண்ணாடிச் சில்லில் தேய்த்தால் முடிந்தது. ஆயிரம் மடங்கு பெரிதாக்கி, முனைவாக்கிய ஒளியில் பார்க்க வேண்டும். கறுப்புப் பின்னணியில் ஒவ்வொரு தகடும் நடுவில் ஒரு கருஞ்சிலுவையோடு மின்னும். மேடையைச் சுழற்றினால் அந்தச் சிலுவையின் கைகள் வளைந்து நெளியும், அதை வைத்துத்தான் இனம் சொல்வோம். அமாவாசை வானம் மாதிரி இருக்கும். பேரழிவு எல்லையைத் தாண்டி அடுத்த சில்லை வைத்தால் அந்த வானத்தில் பத்துக்கு ஒன்பது நட்சத்திரம் காணாமல் போயிருக்கும். மிகைப்படுத்தவில்லை, அழிந்த இனங்கள் ஏறக்குறைய 90 சதவீதம்.

அதற்குப் பதிலாக ஐங்கோணத் தகடுகள் திடீரென்று மண்டும். பிராருடோஸ்ஃபேரா. நல்ல காலத்தில் ஓரத்தில் ஒதுங்கி இருப்பவை. கூடவே தோராகோஸ்ஃபேரா என்ற சுண்ணாம்பு உருண்டைகள். இவற்றைச் சில்லில் பார்த்ததும் "ஐயோ, தாண்டிவிட்டோம்" என்று தெரிந்துவிடும். இல்லாதது ஒரு சாட்சி என்றால், இருக்கக்கூடாதது இந்த அளவுக்கு இருப்பது இன்னொரு சாட்சி.

#12 செந்துறை_டீச்சர் | புதன், இரவு 9.05

நிலா, ஒரு சந்தேகம். விண்கல் விழுந்து புகையும் தூசியும் வெயிலை மறைத்தது என்கிறோம். பாசிக்கு வெயில்தானே சோறு? அப்புறம் அந்தப் பத்தில் ஒன்று எப்படிப் பிழைத்தது? (இதுவும் அதே பையன் கேட்டதுதான். வினிகர் செய்து காட்டியதிலிருந்து அவன் முதல் பெஞ்சுக்கு வந்துவிட்டான்.)

#13 நானோ_நிலா | புதன், இரவு 9.52

அக்கா, அந்தப் பையனை எங்கள் துறைக்கு அனுப்பிவிடுங்கள்.

தப்பியவர்கள் மூன்று வழியில் தப்பினார்கள். டயாட்டம் என்ற சிலிக்கா ஓட்டுப் பாசிகளில் பல இனங்களுக்குத் தடித்த உறக்க நிலை உண்டு, கடலடியில் போய்க் கிடக்கும், வெளிச்சம் வந்ததும் முளைக்கும். அதனால் அவற்றுக்கு அடி குறைவு. டைனோஃபிளாஜெல்லேட்டுகள் என்ற இன்னொரு ஒற்றைச் செல் கூட்டமும் உறைக்குள் உறங்கின. மூன்றாவது வழிதான் எனக்குப் பிடித்தது. வெயில் இல்லாவிட்டால் வேட்டையாடு.

காக்கோலித் தகடுகள் பொதுவாக உதிரியாகத்தான் கிடைக்கும். எப்போதாவது உருண்டை உடையாமல் முழுக் கவசமாகக் கிடைக்கும். பேரழிவுக்குப் பிந்தைய முழுக் கவசங்களை மின்னணு நுண்ணோக்கியில் பார்த்த ஒரு குழு 2020-இல் ஒரு விஷயத்தைக் கவனித்தது. கவசத்தின் ஒரு பக்கத்தில் பெரிய வாய் மாதிரித் திறப்பு. வெறும் வெயிலை வாங்கிச் சமைக்கும் பாசிக்கு அந்தத் திறப்பு தேவையில்லை. சாட்டை மாதிரி இழையை வெளியே நீட்டி நீந்தவும், பாக்டீரியாவைப் பிடித்துத் தின்னவும்தான் அது வேண்டும். அதாவது சமைக்கவும் தெரிந்து, வேட்டையாடவும் தெரிந்தவை இருட்டைத் தாண்டின. பிறகு வெயில் வந்ததும் அவற்றின் வாரிசுகள் பழையபடி சமையலுக்குத் திரும்பின.

எரிமலையா விண்கல்லா என்று கேட்கும் குறுக்குசால் அண்ணனுக்கும் இதில் சேதி உண்டு. வெயிலை மட்டும் நம்பியவை வரிசையாகச் செத்து, இரண்டும் தெரிந்தவை மட்டும் தேறியது என்றால், நடந்தது இருட்டு. மாதக்கணக்கில், வருடக்கணக்கில் இருட்டு. மெல்லச் சூடேறிய கடலில் இந்த வகையான வடிகட்டல் நடந்திருக்காது.

#14 குறுக்குசால் | புதன், இரவு 10.07

இது நல்ல அடி. யோசிக்கிறேன்.

#15 டீக்கடை_பெஞ்ச் | புதன், இரவு 10.09

ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டேன்.

#16 பாம்பன்காத்து | வியாழன், காலை 5.48

எல்லோரும் பாசி செத்த கதையே பேசுகிறீர்கள். பாசி கொல்லும் கதையும் உண்டே. எங்கள் பக்கம் சில வருடம் ஆவணி, புரட்டாசியில் மன்னார் வளைகுடாத் தண்ணீர் பச்சைச் சாயம் கரைத்தது மாதிரி ஆகிவிடும். பூங்கோரை என்போம். 2019-இல் மண்டபம் பக்கம் வந்தபோது நானே பார்த்தேன், பாறை மீன், ஓரா எல்லாம் வாயைப் பிளந்துகொண்டு கரையில் ஒதுங்கிக் கிடந்தன. வலை வழவழவென்று ஆகிவிடும். ராத்திரியில் அழுகல் நாற்றம். இந்த மாதிரி ஒன்று உலகம் முழுக்க வந்தால் பேரழிவு வராதா?

#17 நானோ_நிலா | வியாழன், காலை 11.20

அண்ணா, நீங்கள் கேட்டது கிட்டத்தட்ட 25 கோடி ஆண்டுக்கு முன்னால் நடந்திருக்கிறது. பெர்மியன் காலத்தின் முடிவு, 25.2 கோடி ஆண்டுக்கு முன். ஐந்து பேரழிவுகளில் பெரியது. கடலில் பத்தில் எட்டு, ஒன்பது இனங்கள் போயின. சைபீரியாவில் எரிமலைக் குழம்பு தேசம் தேசமாக ஓடியது. அதில் விண்கல் வாதம் எடுபடவில்லை, அதனால் குறுக்குசால் அண்ணன் நிம்மதியாக உட்காரலாம்.

ஆஸ்திரேலியாவில் சிட்னி வண்டல் படுகையைப் பார்த்த கிறிஸ் மேய்ஸ், விவி வைதா குழு 2021-இல் எழுதியது இது. காடு எரிந்து அழிந்தது, கரித்துண்டு சாட்சி. மரம் போனதும் மண்ணைப் பிடித்து வைக்க வேர் இல்லை. மழையில் சத்தெல்லாம் ஆற்றுக்கும் ஏரிக்கும் வந்தது. கரியமில வாயு, சூடு, சத்து மூன்றும் சேர்ந்ததும் நன்னீரில் பாசியும் பாக்டீரியாவும் சூப் மாதிரித் திரண்டன. பாறையை ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தில் கரைத்தால் மிஞ்சும் கரிமத் துகள்களை எண்ணிப் பார்த்து, இன்றைய விஷப் பாசிப் பெருக்கங்களுக்கு நிகரான அளவு என்றார்கள். ஒருமுறை அல்ல, திரும்பத் திரும்ப. ஏரி தேற விடாமல் அதுவே தடுத்திருக்கிறது.

அழிந்த மரம் குளோசாப்டெரிஸ். நம் ஜாரியா, சிங்கரேணி நிலக்கரி எல்லாம் அந்த மரம்தான். அது போன பிறகு ஏறக்குறைய ஒரு கோடி ஆண்டுக்கு உலகில் எங்குமே நிலக்கரி படியவில்லை.

இன்னொன்று, நீங்கள் பார்த்தது நாக்டிலூக்கா என்ற ஒற்றைச் செல் உயிரி. அதற்கு ஓடு கிடையாது, உடம்பு ஜவ்வரிசி மாதிரி. அதில் பச்சையாகத் தெரிவது அதன் வயிற்றுக்குள் குடியிருக்கும் வேறு பாசி. எவ்வளவு மீனைக் கொன்றாலும் கல்லில் அது பெயர் எழுதிவிட்டுப் போகாது.

#18 சல்லடை | வியாழன், மாலை 4.15

அழுகல் நாற்றம் என்று பாம்பன் தம்பி சொன்னதைப் பிடித்துக்கொண்டு ஒன்று சொல்ல வேண்டும். ஓட்டுக்காரன் என்று சொன்னாலும் இதில் பொறாமையோடு ஒத்துக்கொள்கிறேன்.

பச்சைக் கந்தக பாக்டீரியா என்று ஒரு கூட்டம் உண்டு. அதற்கு வெளிச்சமும் வேண்டும், சாக்கடை நாற்றம் அடிக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடும் வேண்டும். பிராணவாயு பட்டால் செத்துவிடும். சாதாரணக் கடலில் இந்த இரண்டும் ஒரே இடத்தில் கிடைக்காது. வெளிச்சம் மேலே, நாற்றம் அடியில். ஆனால் சீனாவில் மெய்ஷான், ஆஸ்திரேலியாவில் பெர்த் படுகை, இரண்டு இடத்திலும் பெர்மியன் முடிவுப் பாறையில் அந்த பாக்டீரியாவின் நிறமி சிதைந்து மிஞ்சிய மூலக்கூறு கிடைத்தது. கிளிட்டி கிரைஸ் குழு, 2005. ஓடு இல்லை, உடல் இல்லை, ஒரு சாயம் மட்டும். அந்தச் சாயத்தை வைத்து, விஷ வாயு வெயில் படும் மேல்மட்டம்வரை ஏறி வந்தது என்று சொல்லிவிடலாம். மீன் எங்கே போகும்?

#19 குறுக்குசால் | வியாழன், மாலை 6.40

யோசித்தேன். இருட்டு விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் இருவரும் பாசி, பாக்டீரியா என்று அடித்துச் சொல்வதில் ஒரு ஓட்டை உண்டு. பெர்மியன் முடிவில் ரெடுவியாஸ்போரோனைட்டிஸ் என்று உருண்டை உருண்டையாகச் சங்கிலி கோத்த ஒரு நுண்படிவம் பல நாட்டுப் பாறைகளில் மண்டிக் கிடக்கிறது. காடு முழுக்கச் செத்து அழுகியது, அதைத் தின்ற பூஞ்சை இது என்று 1990-களில் சொன்னார்கள். 2002-இல் இது பூஞ்சையே இல்லை, பாசி என்றார்கள். 2009-இல் இல்லை இல்லை பூஞ்சைதான் என்றார்கள். பூஞ்சை என்றால் காடு அழுகியது, பாசி என்றால் தண்ணீர் தேங்கியது. கதையே மாறுகிறதே. சாட்சி யார் என்றே தெரியாமல் சாட்சியத்தை எப்படி எடுத்துக்கொள்வது?

#20 நானோ_நிலா | வியாழன், இரவு 8.30

இதில் உங்கள் பக்கம்தான் நான். சங்கிலியைப் பார்த்து மட்டும் பூஞ்சையா பாசியா என்று என்னால் சொல்ல முடியாது. அதனால்தான் ஒற்றைச் சாட்சியை வைத்துத் தீர்ப்பு எழுதுவதில்லை. கரித்துண்டு, மகரந்தம், கந்தக பாக்டீரியாவின் சாயம், கார்பன் ஐசோடோப்பு எல்லாம் ஒரே அடுக்கில் வந்து நின்றால் சங்கிலி எதுவாக இருந்தாலும் வழக்கு நிற்கும்.

#21 நெறியாளர் | வியாழன், இரவு 8.55

'இன அழிவு' என்று இழைத் தலைப்பை மாற்றச் சொல்லி ஒருவர் தனிமடல் அனுப்பியிருந்தார். நம் வாசகர்களுக்கு அந்தச் சொல் வேறு ரணத்தைக் கிளறும். 'பேரழிவு' என்றே இருக்கட்டும். தொடருங்கள்.

#22 செந்துறை_டீச்சர் | வியாழன், இரவு 10.12

நன்றி ஐயா. கடைசியாக ஒன்று. எங்கள் அரியலூர் முழுக்கக் கடல் படிவு என்கிறார்கள். சிமென்ட் சுரங்கத்தில் சிப்பி, நத்தை கொட்டிக் கிடக்கிறது. குபியோவில் விரல் வைத்துக் காட்டுவது மாதிரி 6.6 கோடி ஆண்டுக் கோட்டில் இங்கே விரல் வைக்க முடியுமா? பசங்களை ஒரு ஞாயிறு கூட்டிப் போகலாம் என்று ஆசை.

#23 சல்லடை | வெள்ளி, காலை 7.25

வைக்க முடியாது, டீச்சர். கல் புத்தகத்தில் அந்தப் பக்கம் மட்டும் கிழிந்துபோயிருக்கிறது. கல்லங்குறிச்சியில் நீங்கள் பார்க்கும் சிப்பிச் சுண்ணாம்பு பேரழிவுக்குச் சில பத்து லட்சம் ஆண்டு முந்தியது. அதற்குப் பிறகு கடல் பின்வாங்கிவிட்டது. கல்லமேட்டு மணற்கல்லும் களிமண்ணும் தரையில் படிந்தவை, டைனோசர் எலும்பு அங்கேதான். கடல் திரும்பி வந்தபோது பேரழிவு முடிந்துவிட்டது. இந்தியாவில் கடல் படிவில் இரிடியத்தோடு கோடு வேண்டுமென்றால் மேகாலயாவில் உம் சோரிங்க்யூ ஆற்றங்கரைக்குப் போக வேண்டும்.

ஆனால் திரும்பி வந்த கடல் உங்கள் வீட்டுப் பக்கத்தில்தான் இருக்கிறது. நின்னியூர். அந்தச் சுண்ணாம்புக்கல்லில் பாசி இருக்கிறது. பெங்களூர் சென்ட்ரல் கல்லூரியில் இருந்த எல். ராமராவ் அதைச் சேகரித்தார், வியன்னாவில் பாசிப் படிவங்களுக்குப் பேர்போன ஜூலியஸ் பியாவோடு சேர்ந்து 1936-இல் எழுதினார். மூன்று புது இனத்துக்குப் பியா வைத்த பெயர்களைப் பாருங்கள். டிஸ்ஸோக்ளாடெல்லா சாவித்ரியே. இண்டோபோலியா சத்யவந்தி. அசிகுலேரியா த்யுமத்சேனே. சாவித்திரி, சத்தியவான், மாமனார் த்யுமத்சேனன், மொத்தக் குடும்பமும் திருச்சி ஜில்லாச் சுண்ணாம்புக்கல்லில்.

வேடிக்கை என்னவென்றால், அன்று இந்த அடுக்கை கிரெட்டேசியஸின் கடைசி என்று நினைத்தார்கள். கட்டுரைத் தலைப்பிலேயே அப்படித்தான் இருக்கும். பிறகுதான் இது டேனியன், பேரழிவுக்குப் பிந்தையது என்று முடிவானது. எமனிடம் போய்த் திரும்பி வந்தவர்கள் பெயரை, அது தெரியாமலேயே பியா சரியான இடத்தில் வைத்துவிட்டார்.

இவை மிதக்கும் பாசி இல்லை. ஆழமில்லாத, தெளிந்த, வெதுவெதுப்பான கடலில் தரையில் வேர் ஊன்றியது மாதிரி நிற்கும் பச்சைப் பாசி. தண்டைச் சுற்றிச் சுண்ணாம்பு உறை. குறுக்கே வெட்டுப்பட்டால் வளையமாகத் தெரியும். பத்து மடங்கு லென்ஸ் எடுத்துப் போங்கள். சுரங்கத்துக்குள் போக வேண்டாம், வயலோரம் கிடக்கும் கல்லே போதும்.

#24 செந்துறை_டீச்சர் | ஞாயிறு, மாலை 6.20

போய்விட்டு வந்துவிட்டோம். பதினொரு பேர், ஒரே ஒரு லென்ஸ், அடிதடி. வெயிலில் காய்ந்த கல்லில் முதலில் ஒன்றும் தெரியவில்லை, சாம்பல் நிறமாக, பூசின சுவர் மாதிரிதான் இருந்தது. நம்ம பையன் தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்தான். ஈரம் பட்ட இடத்தில் சின்னச் சின்ன வளையங்கள், குண்டூசித் தலையைவிடச் சின்னது, நடுவில் வெளிறிய புள்ளி. படம் இணைத்திருக்கிறேன்.

சாவித்திரி கதையை அங்கேயே சொன்னேன். "அப்ப சத்தியவான் எது டீச்சர்?" என்று அவன் கேட்டதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை.

#25 சல்லடை | ஞாயிறு, இரவு 7.05

படத்தில் இடது ஓரம் இருக்கும் இரண்டு வளையமும் பாசி மாதிரிதான் தெரிகிறது. நடுவில் உள்ளது நத்தைக் குட்டி. எது சாவித்திரி, எது சத்தியவான் என்று லென்ஸில் சொல்ல முடியாது. கல்லை 0.03 மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்த்து வெளிச்சம் ஊடுருவப் பார்க்க வேண்டும். உள்ளங்கை அளவு ஒரு கட்டி அனுப்புங்கள், தேய்த்துத் தருகிறேன். கட்டியை எடுக்கும் முன் எந்தப் பக்கம் மேலே இருந்தது என்று அந்தப் பையனையே பென்சிலால் அம்புக்குறி போடச் சொல்லுங்கள். பேனா வேண்டாம், கழுவும்போது போய்விடும்.